மான் தின்ற துண்டு

பஸ் ஸ்டாண்டடியில் மான் தின்றுவிட்டதாம்
டீசல் துண்டை.
பதினாலாயிரத்து இருநூறு ரூபாய்.
சொல்லும்போது பவளேந்திரன் சிரிக்கவில்லை,
நான்தான் சிரித்தேன்.
திருகோணமலையில் இது பொய்யாக இருக்கத் தேவையில்லை.
போன கிழமை மரக்கறிப் பையோடு நின்ற என்
முந்தானையையே ஒன்று சப்பிப் பார்த்தது.
எடுத்துக் கொடுத்தேன் காசை.

சின்ன வியாபாரம் எங்களுடையது.
உட்துறைமுக வீதியில் ஒற்றை ஷட்டர்,
ஒரு லொறி, தவணை முடியாதது.
இருட்டமுதல் ஏற்றும் சூரையும் அறுக்குளாவும்
விடியமுதல் கண்டியில் இறங்கவேண்டும்.
லாபம் என்று நாங்கள் சொல்வது
ஐஸ் உருகிய பிறகு
பெட்டியின் அடியில் கிடப்பது.

நஸ்ரினாதான் கண்டுபிடித்தாள்.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து கணக்கெழுதுபவள்,
அரைநாள் சம்பளம், முழுநாள் கண்.
ஹபரணைச் சாப்பாட்டுக்கடைத் துண்டுகளை
சீட்டுக்கட்டுப்போல மேசையில் பரப்பினாள்.
மாசி இரண்டு, இலக்கம் முந்நூற்றுப் பதினெட்டு.
மாசி ஒன்பது, முந்நூற்றுப் பத்தொன்பது.
மாசி பதினாறு, முந்நூற்று இருபது.
"அக்கா, இந்தக் கடையில
நம்மட லொறியத் தவிர
வேற ஒருத்தரும் சாப்பிடல்லையா?"

இரவெல்லாம் பஸ் நின்று போகும் சந்தி அது.
அங்கே ஒரு கடை
கிழமைக்கு ஒரேயொரு சோற்றுப் பார்சல் விற்று
எப்படிப் பிழைக்கிறதோ.

பிறகு எல்லாம் தானாக அவிழ்ந்தது.
ஒரே பின்டயர், ஒரே மாதம், ஏழு பஞ்சர்.
கந்தளாய் தாண்டி யானை மறித்து
தங்குமிடத்துக்குக் காசு கொடுத்த இரவுகளில்
மீன் மட்டும் நேரத்துக்குப் போய் இறங்கியிருக்கிறது.
கூட்டிப் பார்த்தோம். எண்பத்தாறாயிரம்.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்ற சொல்
என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

நஸ்ரினா இன்னொரு கட்டை எடுத்து வைத்தாள்.
"இதுகளை எந்தத் தலைப்பில போடுற, அக்கா?"
மகனின் கிரிக்கெட் மட்டை: ஐஸ் செலவு.
தங்கச்சி கலியாணத்துப் பூ: லொறி பராமரிப்பு.
கையெழுத்து பவளேந்திரனுடையது.
கடைக்குப் போய் வாங்கிவந்ததும் அவன்,
துண்டில் என்ன எழுதுவதென்று
வாசலில் நின்று கேட்டதும் அவன்.
"ஐஸ் எண்டு எழுது" என்ற குரல்
யாருடையதென்று எனக்குத் தெரியும்.

அன்றிரவு ஃபேன் ஓடியது, நான் தூங்கவில்லை.

காலையில் அவனைக் கூப்பிடமுதல்
புதுக்கொப்பியின் முதல் வரியில் என் பெயர் எழுதினேன்.
மட்டை, பூ, இன்னும் நான்கு.
நான் கடைக்குக் கட்டவேண்டிய கடன்.
அதைத் திருப்பி அவன் பக்கம் வைத்தேன்.
வாசித்தான். நெடுநேரம் வாசித்தான்,
ஆறு வரிதான் இருந்தது.

இனிச் சாப்பாட்டுக்குத் துண்டு வேண்டாம்,
பயணத்துக்கு இவ்வளவென்று கையில் தருகிறேன்,
மிச்சம் பிடித்தால் உன்னுடையது.
டீசல் சீனன்குடா ஷெட்டில், மாதக்கணக்கில்.
பஞ்சரென்றால் பழைய டியூப் திரும்பி வரவேண்டும்.
மீற்றரின் படம் நஸ்ரினாவின் போனுக்கு.
காசு கொடுக்கும் கை கணக்கெழுதாது,
என்னுடைய கையும்தான்.
எண்பத்தாறாயிரம் சம்பளத்தில்
மாதம் ஐயாயிரமாகக் கழியும்.

தலையாட்டினான்.
லொறிச் சாவியை மேசையில் வைத்தான், திரும்ப எடுத்தான்.
படியிறங்கும்போது
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
"மான் திண்டது மட்டும் உண்மை, அக்கா."

மூன்று மாதமாகிறது.
இரவு ஒரு மணிக்கு மீற்றரின் படம் வருகிறது,
சில நாள் கண்ணாடியில் மழையோடு.
கழிவு ஒழுங்காகப் போகிறது, என்னுடையதும்.
அந்தப் பதினாலாயிரத்து இருநூறை
எதற்குக் கீழே எழுதுவதென்று
நஸ்ரினா நேற்றும் கேட்டாள்.
பென்சிலால் எழுதிவை என்றேன்.