பிள்ளைக்கோடு

ஒசாகாவிலிருந்து கூரியரில் வந்தது
உள்ளங்கையளவு துணி.
கருநீலத்தில் காவிக் கோடுகள்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
அம்மாப்பேட்டை முழுக்க இரண்டு நாள் திரிந்தார்
பட்டறைக்காரர் சவுண்டப்பன்,
மகள் கல்யாணப் பத்திரிகை போல.

தடித்த கோடு பன்னிரண்டு இழை.
நான்கு இழை நீலம் விட்டு
ஒல்லிக்கோடு ஒன்று, இரண்டே இழை.
பிள்ளையோடிருக்கும் கோடு என்று
அவர்கள் ஊரில் அதற்குப் பெயராம்.
கரூர் ஏஜெண்ட் ரபீக் போனில் சொன்னார்.
கோட்டுக்கும் தீவுக்கும் அங்கே ஒரே சத்தமாம்,
கடல்வழி வந்த துணி என்பதாலாம்.
சாந்தோம் பெயரில்கூடக் கோடு உண்டாம்,
நம்ம மெட்ராஸ் சாந்தோம்.
நான் சாந்தோம் பார்த்ததில்லை.
எனக்குக் கோடு என்றால்
லுங்கி, துண்டு, மெத்தை உறை.

இருநூற்றுப் பதினாறு கோன் மாட்ட வேண்டும்.
இரண்டாவது தாய்க்கோட்டை முடித்து
நீலம் எண்ணும்போது
கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டான்.
மூன்று, என்றது வாய்.
சாவி பக்கத்து வீட்டில், என்றது.
பிறகு ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.
மூன்றும் நான்கும் ஏழு.

நாற்பது மீட்டர் ஓடிய பிறகு
துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார் சவுண்டப்பன்.
மூன்று தாய்க்கு ஒரு பிள்ளை
தள்ளி நின்றது,
அகலம் முழுக்க, நீளம் முழுக்க.
அவர் திட்டவில்லை. டீயைக் கீழே ஊற்றினார்.
வேறு நூல் இல்லை. அனுப்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள் ரபீக்:
"அந்தப் பிள்ளை தள்ளி நிக்குதே,
வேணும்னே செஞ்சதான்னு கேக்குறாங்க."
சவுண்டப்பன் என்னைப் பார்த்தார்.
"ஒருதடவை வந்தா தப்பு.
மூணு அங்குலத்துக்கு ஒருதடவை
தவறாம வந்தா..." என்று இழுத்தேன்.
"டிசைன்!" என்று போனில் கத்தினார்.

அறுநூறு மீட்டர் வேண்டுமாம். அதே மாதிரி.

கோன் மாட்டும்போது இப்போது
போன் எடுப்பதில்லை.
தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்ய
எத்தனை கவனம்.
மூன்று.
சாவி பக்கத்து வீட்டில்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்.
ஹாஸ்டல் பெஞ்சில் பனி ஈரம்.
வெட்டுத்துண்டைக் கையில் கொடுத்ததும்
முகர்ந்து பார்த்தாள் சுப்ரஜா,
பிறகு டப்பாவிலிருந்து ஸ்கேல் எடுத்தாள்.
ஏழாம் வகுப்பு; எதையும் அளப்பாள்.
"இது ஒன்றரை மில்லி. இதுவும்.
இது ரெண்டரை.
தப்பா எண்ணிட்டியாம்மா?"
ம், என்றேன்.
கோட்டின் பெயரைச் சொல்லவில்லை.
டப்பாவைச் சுற்றி அதைக் கட்டிக்கொண்டு
மணி அடித்ததும் ஓடினாள்,
திரும்பிப் பார்த்தாள், ஆனால் என்னை அல்ல,
பின்னால் வந்த தோழியை.

கடைசி பஸ் இறங்குகிறது.
கொண்டைஊசி வளைவுகளுக்குப்
பலகையில் எண் போட்டிருக்கிறது.
எண்ணவே தேவையில்லை.
இருபது. பத்தொன்பது.
பதினேழில் யாரோ ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள்.
பதினான்கில் போன் அடித்தது.
எடுக்கவில்லை.