அரை முழம்

பத்து நாளாய் அளக்கிறோம்.
முக்காலியில் கருவி, அதன் கண்ணில் சிவப்புப் புள்ளி.
எதிரே கோல் பிடித்து நிற்கிறார் மகாரியோ தெசுகூன்,
கொசு அடிக்கக்கூடக் கை எடுக்காமல்.
பெத்தேன் காட்டில் வடக்கு
காந்த முள்ளுக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று,
இந்தக் கல்லை அடுக்கிய மாயர்களுக்கு வேறொன்று:
பதினான்கு பாகை வலப்புறம் சாய்ந்த வடக்கு.

ஒதிலியா, எங்கள் தலைவி, சொல்கிறாள்:
வடக்கு மேடை வானம், இறந்த அரசர்களின் இடம்.
தெற்கே ஒன்பது வாசல் மண்டபம், அது பாதாளம்.
நடுவில் பந்தாட்டக் களம்,
இரண்டு உலகமும் தோள் இடித்துக்கொள்ளும் சந்து.
கிழக்கே வரிசையாய் மூன்று கோயில்.
மேற்கு மேட்டில் ஓராண்டு நின்றால்
சூரியன் முதலாவதிலிருந்து மூன்றாவதுவரை
நடந்து திரும்புவது தெரியும்.

நான் வரைகிறேன்.
நம்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை.
வடக்கு ஏன் உயரம்? பாறை அங்கேதான் உயரம்.
முற்றம் ஏன் தெற்கே சரிகிறது?
விழுந்த மழை குளத்துக்கு ஓட.
மாதக்கணக்கில் சொட்டு விழாத ஊரில்
பாதாளம் என்பது வற்றிய குளம்தானே.

ஒரு மாலை, சும்மா, எங்கள் முகாமையும் வரைந்தேன்.
வடக்கே, மேட்டில், தலைவியின் கூடாரம்.
தெற்கே கழிப்பறைக் குழி.
நடுவில் பையன்கள் கழி நட்ட கால்பந்துத் திடல்.
மேற்கே சமையல், புகை இந்தப் பக்கம் வராமல்.
அதே நகரம்!
ஆயிரம் ஆண்டு கழித்து எவளோ ஒருத்தி
அந்தக் குழியைச் சல்லடை போட்டுச் சலித்து
மரண தேவனுக்குப் பெயர் வைப்பாள்.
மேட்டு உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும்;
விடிகாலையில் ஆறு பேர்
கிழக்கு நோக்கிக் கை தூக்கி நிற்கிறோம்.
அதற்கும் வைப்பாள் ஒரு பெயர்.

மகாரியோவிடம் காட்டினேன். சிரித்தார்.
பிறகு சமையல் மூலையில் விரல் வைத்து,
"அடுப்புக்கு மூன்று கல் வைத்திருக்கிறேன்.
நீ வட்டம் போட்டிருக்கிறாய்" என்றார்.

மார்ச் இருபத்தொன்று. சூரியனுக்காக ஏறினோம்.
மேகம்.
குரங்குகள் மட்டும் கர்ஜித்து ஓய்ந்தன.
ஒதிலியா தெர்மாஸ் மூடியைத்
தேவைக்கு மேல் இறுக்கினாள்.

அன்று பகல்தான், நடுக்கோயிலின் வயிற்றில்,
கரண்டி ஒரு பழைய சுவரைத் தட்டியது.
முடித்த சுவர். சுண்ணம் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி,
செந்நிறம் தீட்டி,
ஒரு மழை பட்ட கறைகூட இல்லாமல்
இடுப்பளவுக்கு இடித்து மூடியிருந்தார்கள்.
தெற்கே அரை முழம் தள்ளி
அதே கல், அதே சிவப்பு, மறுபடி.

பாறை கேட்காது அரை முழம்.
தண்ணீர் கேட்காது.
மேகமில்லாத ஒரு விடியலில் எவரோ
மேற்கு மேட்டில் நின்று பார்த்து
"இல்லை" என்றிருக்கிறார்.
சுண்ணாம்பு சுட்டவன் திட்டியிருப்பான்.
அல்லது வேறு ஏதோ. ஒரு திருமணம், ஒரு சண்டை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
இரண்டாம் சுவர், முதலாவதிலிருந்து
இருபத்திரண்டு சென்டிமீட்டர். காரணம்:
அங்கே பேனா நின்றது.

மாலையில் முகாம் வரைபடத்தை எடுத்து
வட்டத்தை அழித்தேன். மூன்று புள்ளி.
எந்தக் கல்லுக்கு எது எவ்வளவு தூரம்
என்று தெரியவில்லை.
மகாரியோவைக் கூப்பிட்டேன்,
கோலை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி.