மே மாதத்துக் குளிர்

கத்திரி பிறந்து பன்னிரண்டாம் நாள்.
வேலூர்க் காக்கைகள் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கின்றன.
மெழுகுக் கட்டிகளைக் கவிழ்த்து வைத்த
ஐஸ் தட்டிலிருந்து ஒரு சில்லு எடுத்து
நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன்.

எண் 2417. பெண், முப்பத்தெட்டு.
வலது கால், இரண்டாம் விரல்.
ஊதாத் தடிப்பு, அரிப்பு, ஆறு வாரம்.
சீட்டு அதற்குமேல் பேசவில்லை.

கண்ணாடித் தகட்டில், மேல்தோலுக்கு அடியில்
நீர் கோத்து வெளுத்த ஒரு பட்டை.
ஏரி மாதிரி என்று சொல்ல வருகிறது.
பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனுக்கு
நீர் தேங்குவதைப் பற்றி என்ன தெரியும்.

ரத்தக் குழாய்களைச் சுற்றி நீலப் புள்ளிகள்,
இறுக்கிப் பிடித்த சட்டைக் கை.
இதுவரை பாடப்புத்தகம்.
ஆனால் சில பெருத்திருந்தன,
உட்கரு கோணல்.
ஒன்று இரண்டாகப் பிரியப் போன நடுவழியில்
அப்படியே நின்றிருந்தது.
"ரத்தப் புற்றா?"
பென்சிலில்தான் எழுதினேன்.

பிறகு ஆழத்தில், கொழுப்பின் ஓரம்,
வியர்வைச் சுரப்பியின் சுருள்.
அதையும் விடாமல் மொய்த்திருந்தன.
அவ்வளவு கீழே இறங்கி
வியர்வையைத் தேடுகிற பழக்கம் குளிருக்கு உண்டு.
குளிரா?
இந்த ஊரிலா?

நவநீதம் தையல் பிரிக்க வந்திருந்தாள்.
இறங்கிப் போய்க் கேட்டேன், என்ன வேலை என்று.
"ஐஸ்கிரீம் குடோன் சார், காட்பாடி தாண்டி.
பொட்டி எண்ணி அடுக்கணும்.
உள்ள மைனஸ் இருபது, வெளிய நாப்பத்திரண்டு,
நடுவுல ஒரு கதவுதான்."
பூட்ஸ்?
"ரெண்டு ஜோடி இக்குது. நாங்க அஞ்சு பேரு.
கால விட்டா ஈரமாத்தான் இருக்கும்,
முன்னாடி போட்டவ வேர்வ."

மேலும் இரண்டு சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
ஒரே வம்சமல்ல அந்த அணுக்கள்,
பல வீட்டுப் பிள்ளைகள்,
சண்டைக்குக் கூடியவர்கள்,
கலைந்து போவார்கள்.
ரப்பரால் தேய்த்தேன். தூள் ஊதினேன்.
குளிர்வீக்கம் என்று மையில் எழுதினேன்.
மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கவும் என்றும்.

சாயங்காலம் தட்டச்சு செய்யும் எஸ்தர் ராணி
போனில் கூப்பிட்டாள்.
"சார், பரிந்துரையில
பூட்ஸ் மூணு ஜோடின்னு இருக்கு.
எழுத்துப் பிழையா?"

இல்லை, அப்படியே அடி என்றேன்.
ஒரு நிமிஷம் யோசித்து,
"உலர்ந்தது" என்று சேர்க்கச் சொன்னேன்.