கூட்டல் குறியின் மேல்

பஃப்ளோ ரோட்டு மருந்துக்கடையில்
சடாமாஞ்சில் இருநூறு கிராம்,
அமுக்கரா அரைக் கிலோ,
காய்ந்த வல்லாரை ஒரு பை என்றேன்.
பொட்டலம் மடித்தபடி கேட்டார் மைதீன் பிச்சை:
"யாருக்கும்மா தூக்கம் வரல?"
எலிகளுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அதுகளுக்கு என்ன கவலை" என்று
ரசீதில் ஒரு வெள்ளி குறைத்தார்.

கவலையை நாங்கள்தான் செய்துகொடுக்கிறோம்.
தரைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில்
ஒரு கூட்டல் குறி.
இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு,
இரண்டுக்கு இல்லை.
நட்டநடுவில் சுண்டெலியை இறக்கிவிட்டு
ஐந்து நிமிடம்.
சுவருக்குள் பதுங்கினால் பயம்.
விளிம்பில் மூக்கை நீட்டிக் கீழே பார்த்தால்
மருந்து வேலை செய்கிறது,
அல்லது அதன் சுபாவமே அப்படி.
அதற்காகத்தான் நாற்பது எலிகள்.

குப்பிகளில் எழுத்து மட்டும்: க, ச, ட, த.
எது எதுவென்று டாக்டர் கோவின்
பூட்டிய இழுப்பறைக்குத் தெரியும்.
வெறும் நீருக்கும் பழுப்பு ஏற்றியாயிற்று.
ஆனால் சடாமாஞ்சில்
மழையில் நனைந்த காலுறைபோல நாறும்.
கண்ணைக் கட்டலாம், மூக்கை?
ஹஃபிஸா என் முகக்கவசத்தில்
கோடாலித் தைலம் தடவிவிட்டாள்.
ஒரு வாரம் உலகமே சளி பிடித்த வாசனை.

பதினேழாம் எண் எலி
சுவரில்லாத நுனியில் உட்கார்ந்து
முகம் கழுவிக்கொண்டது.
தொண்ணூற்றிரண்டு வினாடி.
அவசரமே இல்லை அதற்கு.

எனக்கு ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது.
மானியம் நீளுமா என்று மின்னஞ்சல் வரவேண்டும்.
கைப்பேசி அதிரும்போதெல்லாம் என் வயிறு
சுவர் இருக்கும் பக்கம் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை, எல்லாரும் போனபின்,
'ச' குப்பியில் மிஞ்சியதில்
ஒரு மிடறு குடித்தேன்.
கசந்தது. கசந்தால் மருந்துதான்
என்று நாக்கு முடிவுகட்டியது.
அன்றிரவு ஏழு மணி நேரம் தூங்கினேன்.
இதை எந்த ஏட்டில் எழுதுவது?
மாதிரி எண்ணிக்கை: ஒன்று.
எடை: ஐம்பத்தெட்டு கிலோ.

திங்கட்கிழமை இழுப்பறை திறந்தது.
'ச' அமுக்கரா.
எலிகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.
வல்லாரை கொஞ்சம், ஆனால்
கொஞ்சத்தை வைத்துக் கட்டுரை எழுத முடியாது.
பதினேழு குடித்தது வெறும் பழுப்பு நீர்.
"சில பேர் அப்படித்தான்" என்றாள் ஹஃபிஸா,
கூண்டுகளை வண்டியில் அடுக்கியபடி.
சோதனை முடிந்த எலிகளை
நெறிமுறைப் படிவம் எங்கே அனுப்பும் என்று
இருவருக்கும் தெரியும்.
அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

யீஷூன், பதினான்காம் மாடி நடைவழி.
ஒரு பக்கம் கதவுகள், ஒரு பக்கம் காற்று.
மின்தூக்கியிலிருந்து வாசல்வரை
எப்போதும் கதவோரமாகவே நடப்பவள்,
இன்று கைப்பிடிச் சுவரில் முழங்கை ஊன்றினேன்.
கீழே யாரோ புளோக் பூனைக்கு
டின் மீன் வைத்துக்கொண்டிருந்தார்.
பூனை அவசரப்படாமல் தின்றது.
பதினொன்று வரை எண்ணினேன்.
பிறகு எண்ண மறந்துவிட்டேன்.
பையில் கைப்பேசி அதிர்ந்தது.
பூனை டின்னை நக்கி முடிக்கட்டும் என்று
நின்றேன்.