கேட்டுக்கு அந்தப் பக்கம்

இரவு எட்டே முக்காலுக்குக்
கொருக்குப்பேட்டை சிவக்கிறது என் திரையில்.
மேலேறிவந்த கோடு
தொண்ணூற்றேழு சதவீதத்தில் முட்டி
அப்படியே தட்டையாகப் போகிறது
தாழ்ந்த கூரையில் தலை இடித்தவன்
நிமிராமல் நடப்பதுபோல.

அந்தக் கூரையைப் போட்டவன் நான்.
ஆறு வருடம் முன்பு பைக்கில் சுற்றித்
தெருத்தெருவாய் எண்ணினேன்:
ஏசி எத்தனை, கார் எத்தனை,
மாடியில் டிஷ் எத்தனை.
கேட்டுக்கு இந்தப் பக்கம் நூற்றுப் பதினெட்டு வீடு.
அந்தப் பக்கம்
ஹவுசிங் போர்டு பிளாக்குகள் இருந்த கட்டத்தில்
‘தேவை: சொற்பம்’ என்று எழுதி
நாலு இழைக் கேபிள் ஒன்று போட்டேன்.
அதுவே அதிகம் என்றார் முதலாளி.

ரிப்போர்ட்டில் எழுதாதது இது:
அன்றைக்கு கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில். டீசல் டேங்கர்கள்.
முப்பத்தாறு வேகன் வரை எண்ணிவிட்டு
வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம்தான் போனேன்.
தேசிங்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.
ஆறாவது பிளாக் படிக்கட்டுக்குக் கீழே
மின் மீட்டர்களுக்கும் யாருடைய சைக்கிளுக்கோ இடையில்
முப்பத்திரண்டு துளை ஸ்ப்ளிட்டர்.
முப்பத்திரண்டும் நிரம்பியிருந்தது.
பாஸ்வேர்டைக் கைமாற்றாக வாங்கியவர்கள் கணக்கில் இல்லை.

மூன்றாம் மாடி சபீனா
எந்த ஊரோ ஒரு ஆஸ்பத்திரி டாக்டரின் பேச்சை
விடியவிடியத் தட்டச்சு செய்கிறாள்.
“ஃபைல் ஏர்றப்போ
எதிர்வீட்டு பசங்கள கேம நிறுத்தச் சொல்லிக்
கதவு கதவா தட்டுவேன் சார்.”
கஜபதியின் மகன் கப்பலில்.
“பேச்சு வந்துடுது, வாய் பின்னாலயே வருது,”
என்றார். சிரிக்கவில்லை.
காசிமேட்டிலிருந்து நேரலையில் ஏலம் விடும் கன்னிகா,
வஞ்சிரம் திரையில் உறைந்து நின்ற
பதினொரு நொடிக்குள்
வேறு யாரோ கேட்டுப் போய்விட்டதைச் சொன்னாள்.
ஏசி ஒரே ஒரு வீட்டில் இருந்தது.
அதுவும் ஓடவில்லை.

இப்போது மறுபடி வரைகிறேன்.
தண்டவாளத்துக்கடியில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழாய்,
ரயில்வேக்கு மனு, மூன்று நகல்.
குரலுக்கு முதலிடம், படத்துக்கு அடுத்தது என்று
சுவிட்சுக்கு நான் விதி எழுதலாம்.
கேட்டில் ஆம்புலன்ஸும் மீன்பாடி வண்டியும்
ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.
நாற்பத்தெட்டு இழை கேட்டேன்.
“எதுக்குய்யா, இருபத்திநாலு பத்தாதா?
மீதி சும்மா இருட்டுல கெடக்கும்.”
கிடக்கட்டும் சார் என்றேன்.
வளர்ச்சி விகிதம் என்ற கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
அதை இந்தப் பக்கம் உட்கார்ந்து நிரப்ப முடியாது.

இன்றும் கேட் போட்டிருக்கிறது.
பள்ளிக்கூடப் பையன்கள் கம்பத்துக்கடியில் குனிந்து பார்க்க
கேட்மேன் விசில் ஊதுகிறார்.
“இன்னா சார், நாளைக்கி வரலாமா?”
என்ஜினை அணைக்கிறேன்.
டேங்கர், டேங்கர், கதவு திறந்த காலிப் பெட்டி ஒன்று.
முப்பத்தைந்து.
முப்பத்தாறு.
முப்பத்தேழு.