மீதி ஒன்று

லிஸ்பன். கிராசா மேட்டில்
டிராம் திணறித் திரும்பும் முனையில்
ஆறே மேசை.
அடெலினோ பில் புத்தகம் வாங்கியதே இல்லை.
காதிடுக்குப் பென்சிலை உருவி
மேசைமேல் விரித்த தாளிலேயே கூட்டுவார்:
சூப், உப்பு மீன், அரைக் குடுவை ஒயின்.
மீதி ஒன்றை மட்டும் ஏற்ற மறந்துவிடுவார்.
பதினேழு வருஷம்
வேளைக்கு ஒரு யூரோ எனக்கு மிச்சம்.
வாய் திறந்ததில்லை நான்.

வாடகை மும்மடங்கு என்று கடிதம் வந்து
நேற்று கடைசி இரவு.
பென்சிலை வாங்கி
அந்த ஒன்றை நானே எழுதினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"லுசீலியா, அப்போ கடையை மூடவைத்தது நீதானா?"
அடுக்களையில் எர்மீனியா சிரித்தது கேட்டது,
அப்புறம் தண்ணீர்க் குழாய் மட்டும்.

தாளை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டி
ரொட்டித்தூள், மீன்முள், என் கணக்கு
எல்லாவற்றையும் கூடையில் போட்டார்.