இருபது தௌ

இரண்டையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி வந்தார் தேசப்பன்.
பம்புக்கும் ஆள் சார்ஜ் கேட்ட தகராறு
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்ற
கூட்ஸ் வண்டியைவிட நீளமாம்.
படி பதினெட்டு. நடுவில் ஒருதரம் இறக்கி வைத்து
"மூச்சு வாங்கிக்க" என்றார்,
என்னையா பம்பையா தெரியவில்லை.

டிவிக்கு முன்னால் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம்.
அலுமினியம். உப்பு தின்ற இடமெல்லாம் வெள்ளையாகப் பொருமி
நமுத்த அப்பளம் மாதிரி விரலோடு வருகிறது.
ஏலத்தில் போன மீட்புப் படகாம்,
அஸ்கர் பாய் எடுத்திருக்கிறார், பழவேற்காட்டுக்கு.
செவ்வாய்க்கிழமை வேண்டும்.
பட்டறையில் செய்தால் பட்டறைக்குப் பணம்,
வீட்டில் செய்தால் வீட்டுக்கு.
அவர் கணக்கு அவ்வளவுதான்.

போல்ட்டு எட்டு. ஆறு கழன்றது.
ஏழாவது, ராத்திரி முழுக்க டீசலில் ஊறி
விடிந்ததும் மனசு மாறியது.
எட்டாவது ஒடிந்தது.
அவர் வாயில் வந்ததைக் கேட்டு
கீழ்வீட்டு ரேடியோ கொஞ்ச நேரம் பாடவில்லை.

உள்ளே, இறக்கையைச் சுற்றி நீல நைலான் வலை.
அதற்குள் முடி. அதற்குள் பால் கவர்.
இன்னும் உள்ளே ஒரு மஞ்சள் நாடா,
ஏதோ பள்ளிக்கூடத்தின் பெயரில் கடைசிப் பாதி.
"கடல்ல ஓடுன வண்டி இல்லமே இது" என்றார்.

அந்த வருஷம் எங்கள் தெருவுக்கும் ஒரு படகு வந்தது.
வெளியே விசிறி இல்லாததால்
இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் நடுவே
யார் காலையும் கிழிக்காமல் வந்தது.
அப்போது தரைவீடு.
நான் டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டு
பக்கத்து வீட்டு சகாயராணியை முதலில் ஏற்றச் சொன்னேன்.
எனக்கு அடுத்த டிரிப் என்றார்கள்.
அடுத்த டிரிப் மறுநாள் வந்தது.
இதுதானா அது?
"எல்லாப் படகும் ஆரஞ்சுதான், எப்டி சொல்றது."

இறக்கைக்கும் கூட்டுக்கும் நடுவில்
இருபது தௌ இருக்க வேண்டுமாம்.
கூடினால் தண்ணீர் நழுவும், படகு நகராது.
குறைந்தால் உரசும்.
ஃபில்லர் கேஜ் பட்டறையில்.
பீரோவிலிருந்த கல்யாணப் பத்திரிகைகளை
ஒவ்வொன்றாக வெர்னியரில் கடிக்க விட்டார்.
யாரோ ஒரு எத்திராஜுலு மகளின் பத்திரிகை சரியாக இருபது.
எங்களுடையது நாலுகூட வரவில்லை, வெறும் தாள்.
சுற்றிலும் செருகிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது.

பெயிண்ட் என் வேலை.
கல்யாணத்துக்கு முன்னால் மூலக்கடையில்
ஸ்டீல் பீரோவுக்கு ஸ்பிரே அடித்தவள் நான்.
காசிமேட்டுக் கடையில் படகின் அடிக்கு அடிக்கும் சிவப்பைக்
கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.
செம்பு கலந்தது. அலுமினியத்தில் அடித்தால்
சீக்கிரமே சல்லடை.
டப்பாவைத் திருப்பிப் படித்தவளும் நான்,
திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டவளும் நான்.

உப்புத்தாள், தின்னர், மறுபடி உப்புத்தாள்.
பிரைமர் பச்சையுமில்லை மஞ்சளுமில்லை,
பழுக்கலாமா என்று யோசிக்கிற எலுமிச்சை.
மணலிப் பக்கத்துக் காற்று எழும்புவதற்குள்
மொட்டை மாடியில் ஐந்து மணிக்கு
மூக்கில் ஈரத்துண்டு கட்டி அடித்தேன்.
கை மறக்கவில்லை. வழியவில்லை ஒரு இடத்திலும்.
மேலே இரண்டு கோட் சாம்பல்.
துத்தநாகக் கட்டிக்கு மட்டும் டேப் ஒட்டி மறைத்தேன்;
பம்புக்குப் பதிலாகக் கரைய வேண்டியது அது,
அதன்மேல் பெயிண்ட் படக்கூடாது.

காற்று அன்றைக்குச் சீக்கிரம் எழுந்துவிட்டது.
ரெஜினா வீட்டுக் கொடியில் பையனின் வெள்ளைச் சட்டை.
மூன்று புள்ளி.

செவ்வாய் மதியம் முகத்துவாரத்திலிருந்து போன்.
பேச்சில்லை. தண்ணீர் மட்டும், நீளமாக.
"உரசுதா?" என்று கத்தினேன்.
இல்லை என்ற மாதிரி இருந்தது.

பாய்க்குக் கொடுக்கிற பில்லை நான்தான் எழுதினேன்.
போல்ட்டு, சீல், பேரிங், பிரைமர், தின்னர்.
பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து
சட்டை ஒன்று, நூற்றெண்பது.